ஆல்ப்ஸ் மலைச் சிற்றூர் ஒன்றுக்கு ஒரு நாள் ரயில் பயணம்: எந்த ஊர், எந்த வழி?

கேள்வி (சூரிக்கில் முதுகலை பயிலும் மாணவர்)

அனைவருக்கும் வணக்கம். கடந்த செப்டம்பரில் முதுகலைப் படிப்புக்காகச் சூரிக் வந்து சேர்ந்தேன். வந்த நாளிலிருந்து வகுப்பு, ஆய்வகம், விடுதி என்ற முக்கோணத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன். சென்ற வாரம் ஒருநாள் காலையில் வெப்பக்காற்று வீசி வானம் கழுவிவிட்டாற்போல் தெளிந்திருந்தபோது, ஏரியின் தென்கோடியில் பனிமலைகள் வரிசையாகக் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதைப் பாலத்தின் மேலிருந்து பார்த்தேன். அன்று வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன். அன்றுமுதல் அந்த மலைகளுக்குள் ஒரு நாளாவது போய்வர வேண்டும் என்ற எண்ணம் விடாமல் துரத்துகிறது.

அக்டோபர் கடைசி வாரத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓய்வு கிடைக்கிறது. விடுதி நண்பர்கள் அனைவரும், ‘உச்சி’ என்று பலரும் சொல்லும் யுங்ஃப்ராவ்யோக் மலைக்கணவாயின் ரயில் நிலையத்துக்குப் போகலாம் என்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நாட்டம் இல்லை. உச்சியில் ஒரு மணி நேரம் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்குவதைவிட, மனிதர்கள் வாழும் ஒரு மலைச் சிற்றூரில் இறங்கி, அதன் தெருக்களில் நடந்து, ஒரு மாலைப்பொழுது வரை அங்கே இருந்துவிட்டுத் திரும்புவதையே விரும்புகிறேன். பயணம் முழுவதும் ரயிலிலேயே அமைந்தால் நல்லது, ஏனெனில் மலைப்பாதைப் பேருந்து எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

சாப்பாடு உட்பட 100 ஃபிராங்க் வரை செலவிட முடியும். நான் சைவம். மலையேற்றக் காலணி இல்லை, சாதாரண விளையாட்டுக் காலணிதான் இருக்கிறது. ரயில்வே செயலியைத் திறந்தால் அரைக்கட்டணம், சிக்கனச் சீட்டு, பகல் சீட்டு என்று பலவகை வருகின்றன. எதை எடுப்பது என்று விளங்கவில்லை. எந்த ஊரைத் தேர்ந்தெடுக்கலாம், ஒரே நாளில் போய்வர முடியுமா, அல்லது ஓர் இரவு தங்குவதுதான் முறையா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1 (பெர்னில் இரண்டாண்டு படித்தவர்)

வணக்கம். உங்கள் விருப்பத்தை நீங்கள் எழுதியிருக்கும் விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. உச்சி வேண்டாம், ஊர் வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் வெங்கன் போய் வாருங்கள். பெர்னில் படித்த இரண்டு ஆண்டுகளில் நான் அங்கே எட்டு முறைக்கு மேல் போயிருக்கிறேன். அவற்றில் ஒருமுறைகூட உச்சிவரை போகவில்லை. போகாததால் எதையோ இழந்துவிட்டதாகவும் இன்றுவரை தோன்றவில்லை.

வழி எளிது. சூரிக்கிலிருந்து பெர்ன், அங்கிருந்து துன், ஷ்பீட்ஸ் வழியாக இண்டர்லாக்கன் ஓஸ்ட் வரை பெரிய ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். பெர்னில் ஏறும்போதே இடப்பக்கச் சன்னலைப் பிடித்துவிடுங்கள். துன் தாண்டியதும் ரயில் ஏரியின் தென்கரையை ஒட்டியே ஓடும், தண்ணீர் முழுவதும் இடப்பக்கம்தான். இண்டர்லாக்கன் ஓஸ்ட்டில் குறுகிய தண்டவாள ரயிலுக்கு மாற வேண்டும். 1890ஆம் ஆண்டிலிருந்து ஓடும் பாதை அது. அதில் இருபது நிமிடம் சென்றால் லவுட்டர்புருனன். அங்கே மறுபடியும் மாறிப் பல்சக்கர ரயிலில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் வெங்கன். மொத்தம் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் பத்து மணிக்கெல்லாம் ஊருக்குள் நின்றுகொண்டிருப்பீர்கள், ஆகவே தங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்த வழியில் எல்லோரும் தவறும் ஓரிடம் உண்டு, நானும் முதல்முறை அங்கேதான் தவறினேன். இண்டர்லாக்கன் ஓஸ்ட்டில் நிற்கும் அந்தச் சிறிய ரயில் பார்வைக்கு ஒன்று, உண்மையில் இரண்டு. ஸ்வைலுட்சினன் என்ற நிலையத்தில் அது இரண்டாகக் கழற்றப்பட்டு, ஒரு பாதி லவுட்டர்புருனனுக்கும் மறுபாதி கிரிண்டெல்வால்டுக்கும் போய்விடும். எந்தப் பெட்டி எந்த ஊருக்கு என்பது நடைமேடைத் திரையிலும் பெட்டியின் பக்கவாட்டிலும் எழுதியிருக்கும்; அதைப் படித்துவிட்டு ஏறுங்கள். நான் படிக்காமல் ஏறி, வேறொரு பள்ளத்தாக்கின் நடுவில் போய் விழித்தேன். ஸ்வைலுட்சினன் என்ற பெயருக்கே இரண்டு லுட்சின ஆறுகள் என்பதுதான் பொருள். லவுட்டர்புருனனிலிருந்து வருவது வெள்ளை லுட்சின, கிரிண்டெல்வால்டிலிருந்து வருவது கரிய லுட்சின. கரும்பலகைக்கல் பாறைகளின் துகளைச் சுமந்து வருவதால் பின்னதன் நீர் கருத்துக் காணப்படுகிறது. உங்கள் பெட்டி வெளுத்த நீரின் ஓரமாக ஓடினால் சரியான பெட்டியில் இருக்கிறீர்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம்.

லவுட்டர்புருனன் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் உடனே அடுத்த ரயிலுக்கு ஓடாதீர்கள். பனியாறு குடைந்து குடைந்து செங்குத்துச் சுவர்களாக விட்டுப்போன பள்ளத்தாக்கு அது. ஊரின் தெருமுனையிலேயே 297 மீட்டர் உயரத்திலிருந்து ஷ்டவுப்பாக் அருவி விழுகிறது. ‘ஷ்டவுப்’ என்றால் தூசி. காற்று வீசும்போது அந்த நீர் தரையைத் தொடுவதற்கு முன்பே தூசியாகச் சிதறிப் பாறையோடு போய்விடுவதைப் பார்த்தால் பெயரின் காரணம் விளங்கும். அக்டோபர் கடைசியில் நீர் குறைந்திருக்கும் என்றாலும் பார்க்கத் தகுந்ததே. கால் மணி நேரம் நடந்து அதன் அடிவரை போய்விட்டு வந்தே அடுத்த ரயிலைப் பிடியுங்கள்.

பிறகு வெங்கன். 1,274 மீட்டர் உயரத்தில் மலையின் தோளில் அமர்ந்திருக்கும் ஊர். கார் ஓட்டிச் செல்லச் சாலையே கிடையாது. 1893இல் திறக்கப்பட்ட இந்தப் பல்சக்கர ரயில்தான் ஊரின் உயிர்நாடி. பள்ளிப் பிள்ளைகளும், கடைக்கான பால் பெட்டிகளும், விடுதிக்கு வரும் துணி மூட்டைகளும் அதில்தான் வந்து சேர்கின்றன. நிலையத்தின் முன்னால் மின்சார வண்டிகள் வரிசையாக நின்று அந்தச் சுமைகளை ஏற்றிக்கொண்டு ஓசையின்றிப் புறப்படும் காட்சியை ஐந்து நிமிடம் நின்று பார்த்தாலே அந்த ஊர் எப்படி இயங்குகிறது என்பது புரிந்துவிடும். நிலையத்திலிருந்து சற்றுக் கீழே உள்ள தேவாலயத்தின் அருகில் போய் நில்லுங்கள். பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரிந்திருக்கும், நீங்கள் காலையில் அண்ணாந்து பார்த்த அருவி எதிர்ச்சுவரில் ஒரு நூலாகத் தொங்கும்.

மதியம் கீழே இறங்கி, எதிர்த்தோளில் 1,638 மீட்டர் உயரத்தில் இருக்கும் மியூரனுக்கும் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். லவுட்டர்புருனனிலிருந்து ரோப் காரில் குரூட்ஷால்ப் வரை ஏறி, அங்கிருந்து சிறிய ரயிலில் போக வேண்டும். அதுவும் மிக அழகிய ஊர். ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ராவ் மூன்று சிகரங்களும் அங்கிருந்து ஒரே வரிசையில் நேருக்கு நேர் தெரியும். இருந்தாலும் ஒரே நாளில் இரண்டையும் திணிக்க வேண்டாம் என்பேன். இரண்டு ஊர்களைப் பார்த்தவர் பெரும்பாலும் நான்கு நிலையங்களைத்தான் பார்த்திருப்பார்.

பதில் 2 (பேர்ண் மாநிலத்தில் நெடுங்காலமாக வசிக்கும் ஈழத்தமிழர்)

தம்பிக்கு வணக்கம். முன்னவர் ஊரைப் பற்றி நன்றாக எழுதிவிட்டார். நான் பணத்தையும் வானிலையையும் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் இங்கு புதிதாக வரும் பிள்ளைகள் இரண்டிலும்தான் அடிபடுகிறார்கள்.

முழுக்கட்டணத்தில் சூரிச்சிலிருந்து வெங்கன் போய் வந்தால் உங்களுடைய 100 பிராங்க் தொடருந்துக்கே போதாது. ஆகவே முதலில் அரைக்கட்டண அட்டையை எடுத்துவிடுங்கள். இரண்டாண்டு இந்த நாட்டில் படிக்கப்போகும் ஒருவருக்கு அதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை. நீண்ட பயணம் நாலைந்து போனாலே அட்டையின் விலை திரும்பி வந்துவிடும். அதன்பின் சிக்கனப் பகல் சீட்டைப் பாருங்கள். அரைக்கட்டண அட்டை உள்ளவருக்கு அதன் தொடக்க விலை 29 பிராங்க், இல்லாதவருக்கு 52 பிராங்க். ஆறு மாதம் முன்பிருந்தே விற்பார்கள். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். ஆதலால் இன்றிரவே செயலியில் அந்தச் சனிக்கிழமைக்கு என்ன விலை காட்டுகிறது என்று பார்த்துவிடுங்கள். இந்தச் சீட்டு ஒன்றிருந்தால் அன்று முழுவதும் எந்தத் தொடருந்திலும் ஏறி இறங்கலாம். லவுட்டர்புருன்னன் தாண்டி வெங்கன், மியூரன் வரைக்கும் அதுவே செல்லும். வெங்கனுக்கு மேலே கிளைன ஷைடெக் நோக்கிப் போனால்தான் தனிச்சீட்டு எடுக்க வேண்டும். உங்கள் நண்பர்கள் சொல்லும் உச்சிக்கு இண்டர்லாக்கனிலிருந்து போய்வர முழுக்கட்டணம் 200 பிராங்கைத் தாண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிக்கனச் சீட்டு என்று இன்னொன்று மலிவாகக் காட்டும். அது நீங்கள் குறித்த அந்த ஒரு தொடருந்துக்கு மட்டுமே செல்லும். மலையில் மாலை வெயில் பிடித்துப்போய் இன்னும் அரைமணி இருந்துவிட்டு வருவோம் என்று நினைத்தால் அந்தச் சீட்டு உங்களை இருக்க விடாது. நீங்கள் தேடிப் போவதே அந்த அரைமணியைத்தான் என்பதால் பகல் சீட்டே பொருத்தம். எதை எடுத்தாலும் தொடருந்து புறப்படும் முன்பே எடுத்துவிட வேண்டும். நிலையங்களில் தடுப்புக்கதவு எதுவும் இல்லை என்பதால் ஏறியபின் வாங்கலாம் என்று எண்ணி, புறப்பட்ட ஒரு நிமிடம் கழித்துச் செயலியில் வாங்கிய பிள்ளைகள் தண்டம் கட்டியதை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்தது வானிலை. அக்டோபர் கடைசியிலிருந்து சனவரி வரைக்கும் சூரிச், பேர்ண் நகரங்களின் மேல் சாம்பல் நிறப் புகார் (மூடுபனி) ஒரு மூடிபோல் நாட்கணக்கில் கிடக்கும். குளிர்ந்த கனமான காற்று தாழ்வான இடத்தில் தேங்கிக்கொள்வதும், அதன்மேல் வெப்பமான காற்று படுத்துக்கொள்வதுமே காரணம். வழக்கமாக ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு பாகை குளிர் கூட வேண்டும். இந்த நாட்களில் மட்டும் மேலே போகப்போக வெயிலும் இதமும் கூடும். ஆகவே காலையில் சன்னலைத் திறந்து இருட்டாக இருக்கிறதே என்று பயணத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். வெங்கனில் பொருத்தியுள்ள நேரலைக் கமராவை இணையத்தில் பாருங்கள். அங்கே நிழல் விழுந்திருந்தால் வெயில் இருக்கிறது, புறப்படுங்கள். கீழிருந்து போய் அந்தப் புகார்க் கடலை மேலிருந்து பார்ப்பது, இத்தனை ஆண்டுகள் இங்கே இருந்தபின்பும் எனக்குச் சலிக்காத ஒன்று.

சனியா ஞாயிறா என்றால் சனிக்கிழமையே போங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலையில் மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்கு வைப்பார்கள். சனிக்கிழமை ஆறு மணிக்குப் பிறகு மறையும் சூரியன் ஞாயிற்றுக்கிழமை ஐந்தேகாலுக்கெல்லாம் மறைந்துவிடும். பள்ளத்தாக்கின் அடியில் அதற்கும் வெகுமுன்பே நிழல் வந்துவிடும். நவம்பருக்குத் தள்ளிப்போடவும் வேண்டாம். நவம்பரில் பல கம்பிவட ஊர்திகளைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள், மலையூர்களில் விடுதிகளும் உணவகங்களும் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கும்.

உணவைக் கையோடு கொண்டு போங்கள். உணவகத்தில் உட்கார்ந்தால் ஒரு வேளைக்கு 20 பிராங்குக்கு மேல் ஆகும். தொடருந்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை இங்கே ஒருவரும் தவறாக நினைப்பதில்லை. தண்ணீர் வாங்க வேண்டாம், ஊர்த் தொட்டிகளில் விழும் ஊற்றுநீர் குடிக்கத் தக்கதே. ‘கைன் டிரிங்க்வாசர்’ என்று எழுதிய பலகை இருந்தால் மட்டும் அதைக் குடிக்கக் கூடாது.

காலணியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வழிகாட்டிப் பலகைகளில் தொலைவு இருக்காது, நடக்க எடுக்கும் நேரமே எழுதியிருக்கும். மஞ்சள் அடையாளம் மட்டும் உள்ள பாதை உங்கள் காலணிக்குப் போதும். வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை தீட்டிய பாதை மலைப்பாதை. அதற்குப் பிடிமானமுள்ள காலணியும் பழக்கமும் வேண்டும். நீலப் பட்டை கண்டால் திரும்பிவிடுங்கள். ஏதும் ஆபத்து நேர்ந்தால் 1414 என்ற எண்ணில் வானூர்தி மீட்புப் படையை அழைக்கலாம் என்பதைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். அதை நீங்கள் ஒருநாளும் அழைக்க நேரக்கூடாது என்பதே என் வேண்டுதல்.

பதில் 3 (ரயில்வே பொறியியல் பயில்பவர்)

வெங்கனை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘பயணம் முழுவதும் ரயிலிலேயே’ என்று கேட்ட ஒருவருக்குக் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் பெர்க்யூன் என்ற மலையூரைப் பற்றி யாராவது சொல்லியாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போகும் மலை ரயிலில் நம்மில் பலர் சிறுவயதில் போயிருப்போம். தண்டவாளங்களின் நடுவே பல் வைத்த கம்பி ஒன்று ஓடும். எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறும். அந்த முறையை வகுத்தவர் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர். அந்தப் பாதையின் பழைய நீராவி எஞ்சின்கள் செய்யப்பட்டது உங்கள் சூரிக்கிலிருந்து அரைமணி நேரத் தொலைவில் இருக்கும் விண்டர்தூரில். வெங்கனுக்கு ஏறும் ரயிலும் பல்சக்கர வகைதான். பெர்க்யூன் வழியாகச் செல்லும் அல்புலா பாதையைக் கட்டியவர்களோ பல்சக்கரமே இல்லாமல், வெறும் சக்கரத்தின் பிடிமானத்தை மட்டும் நம்பி மலையேற முடிவு செய்தார்கள். ஏற்றம் ஆயிரம் மீட்டருக்கு 35 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பும் வைத்துக்கொண்டார்கள். பள்ளத்தாக்கோ அதைவிட வேகமாக உயர்கிறது. அதற்கு அவர்கள் கண்ட வழி, பாதையையே நீளமாக்கிவிடுவது.

பெர்க்யூனுக்கும் அடுத்த நிலையமான பிரேடாவுக்கும் இடையே சாலை வழியே 6 கி.மீ., உயர வேறுபாடு ஏறத்தாழ 400 மீட்டர். ரயிலோ 12 கி.மீ.க்கு மேல் ஓடி அந்த உயரத்தை எட்டுகிறது. மலைக்குள் சுருள் சுருளாகக் குடைந்த சுரங்கங்களில் நுழைந்து, தான் வந்த பாதைக்கு மேலேயே பாலத்தில் வெளிவந்து, மறுபக்கம் திரும்பி, மீண்டும் நுழைகிறது. பெர்க்யூனை விட்டுப் புறப்பட்டதும் ஊரின் தேவாலயக் கோபுரம் ஒருபக்கச் சன்னலில் தெரியும். சற்று நேரத்தில் மறுபக்கச் சன்னலில், முன்னைவிடக் கீழே தெரியும். முதல்முறை போனபோது என் எதிரில் இருந்த சிறுமி ஒருத்தி ஒவ்வொரு முறையும் இருக்கை மாறி மாறி உட்கார்ந்து கோபுரத்தைத் தேடிக்கொண்டே வந்தாள். மூன்றாம் முறை அது தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஏற்றம் என்பதை எண்களில் படித்திருந்த எனக்கு அன்றுதான் அது கண்ணுக்குத் தெரிந்தது. 1900களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட இப்பாதை 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

சூரிக்கிலிருந்து கூர் நகரில் ஒருமுறை மாறினால் மூன்று மணி நேரத்துக்குள் பெர்க்யூன் போய்விடலாம். கூர் வரை இடப்பக்கம் உட்காருங்கள், சூரிக் ஏரியும் வாலன் ஏரியும் அந்தப் பக்கம். கூரிலிருந்து வலப்பக்கம் மாறிக்கொள்ளுங்கள். ஃபிலிசூர் நிலையத்துக்குச் சற்று முன்னால் 65 மீட்டர் உயரமுள்ள லாண்ட்வாசர் பாலம் வளைந்து போய் நேரே செங்குத்துப் பாறையின் சுரங்க வாய்க்குள் நுழைகிறது. நீங்கள் நடுப்பெட்டியில் இருந்தால் உங்கள் ரயிலின் முன்பகுதி பாறைக்குள் மறைவதைச் சன்னல் வழியே காணலாம்.

ஊர் சிறியது. அரை ஆள் தடிமனுள்ள சுவர்களும், உள்ளே குழிந்த சிறு சன்னல்களும், சுண்ணப்பூச்சில் கீறி வரைந்த கோலங்களும் கொண்ட பழைய வீடுகள். அங்கே ரோமன்ஷ் என்ற தனிமொழிக்கும் இடமுண்டு. அம்மொழியில் ஊரின் பெயர் பிராவுவோன். நிலையத்துக்கு அருகிலேயே ரயில் அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. குளிர்காலத்தில் பிரேடா செல்லும் சாலையைப் போக்குவரத்துக்கு அடைத்துச் சறுக்குவண்டிப் பாதையாக்கிவிடுவார்கள். ரயிலில் பிரேடா வரை ஏறி, வாடகைக்கு எடுத்த சறுக்குவண்டியில் உட்கார்ந்து 6 கி.மீ. சறுக்கி இறங்கி, மறுபடி ரயிலேறலாம். எனவே வெங்கனை இப்போது வைத்துக்கொண்டு, பனி விழுந்தபின் பெர்க்யூன் போவதே நல்ல வரிசை என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விரிவான விடைகளை நான் எதிர்பார்க்கவில்லை. அரைக்கட்டண அட்டையும் அந்தச் சனிக்கிழமைக்கான பகல் சீட்டும் வாங்கிவிட்டேன். வெங்கன் என்று முடிவு. ஒரே ஓர் ஐயம்: நண்பர்களுடன் போகாமல் தனியாகப் போவதில் ஏதேனும் சிக்கல் உண்டா?

பதில் 1 (பெர்னில் இரண்டாண்டு படித்தவர்)

மஞ்சள் பாதையில் நடந்து மாலைக்குள் திரும்பும் பயணத்துக்குத் தனிமை தடையல்ல. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று விடுதியில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மழைச்சட்டை ஒன்றும், வெயில் அடிப்பதுபோல் தோன்றினாலும் கம்பளித் தொப்பி ஒன்றும் பையில் இருக்கட்டும். சூரியன் சிகரத்துக்குப் பின்னால் போன அடுத்த நிமிடமே குளிர் வந்துவிடும். கடைசி ரயிலை நம்பிக் காத்திராமல் அதற்கு இரண்டு ரயில் முன்னதாகவே கிளம்புவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

போய் வந்துவிட்டேன். உங்களுக்கு எழுதாமல் இருப்பது முறையாகாது.

காலை ஏழு மணிக்குச் சூரிக்கில் எதிர்க் கட்டடம்கூடத் தெரியாத அளவுக்குப் புகார். நேரலைக் கமராவில் வெங்கன் தேவாலயத்தின் நிழல் புல்லில் விழுந்திருந்தது. அதை நம்பிக் கிளம்பினேன். பெர்ன் வரை சன்னலில் சாம்பலைத் தவிர ஒன்றும் இல்லை. துன் தாண்டியதும் புகார் இரண்டாகக் கிழிந்து, இடப்பக்கம் ஏரி முழுவதும் வெயிலில் திறந்துகொண்டது. பெட்டியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் அனைவரும் ஒரு நொடி பேச்சை நிறுத்தினார்கள்.

இண்டர்லாக்கன் ஓஸ்ட்டில் பெட்டியின் பெயர்ப் பலகையை இரண்டு முறை படித்துவிட்டு ஏறினேன். என் எதிரில் முதியவர் இருவர் வந்து அமர்ந்தார்கள், கையில் கிரிண்டெல்வால்ட் விடுதியின் முன்பதிவுத் தாள். இந்தப் பெட்டி அங்கே போகாது என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மன் மொழியில் சொன்னேன். ஸ்வைலுட்சினனில் அவர்களுடைய பயணப்பெட்டியை நானே தூக்கிக்கொண்டு நடைமேடையில் ஓடி, மறுபாதியில் ஏற்றிவிட்டுத் திரும்பவும், கதவு மூடவும் சரியாக இருந்தது. பதில் எழுதிய நண்பருக்குத்தான் அந்த நன்றி சேர வேண்டும்.

லவுட்டர்புருனனிலிருந்து ஏறும்போது சக்கரம் பல்லைப் பற்றும் இடத்தில் இருக்கைக்கு அடியில் மெல்லிய அதிர்வு ஒன்று தொடங்கி, ஊர் வரும்வரை நீடித்தது. வெங்கன் நிலையத்தில் முதலில் இறங்கியது பயணிகள் அல்லர், ரொட்டித் தட்டுகள். ஒருவர் அவற்றை மின்சார வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது சுட்ட மாவின் மணம் நடைமேடை முழுவதும் பரவியது. தேவாலயத்தின் அருகில் அமர்ந்து, கொண்டுபோன எலுமிச்சைச் சோற்றை உண்டேன். பிறகு மஞ்சள் பலகை காட்டிய வழியில் ஒன்றரை மணி நேரம் காட்டோரமாக நடந்தேன். ஒவ்வொரு வீட்டின் இறவாணத்துக்குக் கீழும் குளிர்காலத்துக்கான விறகு ஒரே அளவில் வெட்டி, சுவரோடு சுவராக அடுக்கப்பட்டிருந்தது. ஒரு வீட்டு வாசலில் மூதாட்டி ஒருவர் அந்த வரிசையில் துருத்திக்கொண்டிருந்த கட்டையொன்றை உள்ளங்கையால் தட்டித் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தார். நான் வணக்கம் சொன்னதும், பதில் வணக்கம் சொல்லிவிட்டு மலையைக் காட்டி, பனி அடுத்த வாரம் என்றார்.

சூரியன் மறைந்ததும் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கீழே பள்ளத்தாக்கில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. யுங்ஃப்ராவின் உச்சி மட்டும் இன்னும் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பு அணையும்வரை இரண்டு ரயில்களை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன். அதற்குப் பிறகும் ரயில்கள் இருந்தன. செலவு மொத்தம் 61 ஃபிராங்க், அரைக்கட்டண அட்டையின் விலை நீங்கலாக. ஜனவரி மூன்றாம் சனிக்கிழமைக்குப் பெர்க்யூன் போகப் பகல் சீட்டு வாங்கிவிட்டேன். விடுதி நண்பர்கள் இருவரும் உடன் வருகிறார்கள். சறுக்குவண்டியை வாடகைக்கு எங்கே எடுப்பது என்று ரயில்வே நண்பர் சொன்னால் நலம்.

பதில் 3 (ரயில்வே பொறியியல் பயில்பவர்)

பெர்க்யூனில் இறங்கியதும் வாடகைக்குத் தருவார்கள். கையில் எடுத்துக்கொண்டே பிரேடா ரயிலில் ஏறலாம். பனி போதாத நாட்களில் சறுக்குப்பாதையைத் திறக்க மாட்டார்கள் என்பதால் முந்தைய நாள் மாலை ஊரின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மூவருக்கும் கனத்த கையுறை கட்டாயம் வேண்டும், காலால் தேய்த்துத்தான் வண்டியை நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால் அதற்குள் நல்ல காலணியும் வாங்கிவிடுங்கள்.